நாகர்கோவிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எந்தக் கடையில், எந்த நேரத்தில், என்ன சாப்பிடுவது

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், அலுவலகத்தில் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: "இங்கே நல்ல ஹோட்டல் எது?" ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் அலுவலக உதவியாளர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், அந்தக் கடையில ராத்திரி போய் இட்லி தின்னா எப்பிடி? அங்க காலையில ஆப்பம் கொள்ளாம். ராத்திரி அடுப்பு வேற ஆளு கையில." 'கொள்ளாம்' என்றால் நன்றாக இருக்கும் என்று அர்த்தம்.

அன்றிலிருந்து "நல்ல ஹோட்டல் எது" என்று கேட்பதை விட்டேன். "ஆப்பம் எங்கே, மீன் சோறு எங்கே, அது எத்தனை மணிக்கு" என்று கேட்க ஆரம்பித்தேன். இந்த ஊரில் எல்லாவற்றையும் நன்றாகச் செய்யும் கடை அபூர்வம். ஒன்றை மட்டும் நன்றாகச் செய்யும் கடை தெருவுக்கு ஒன்று உண்டு. கடைப் பெயர்களை இங்கே நான் சொல்லப் போவதில்லை. மாஸ்டர் மாறினால் கடையும் மாறிவிடும், பலகை மட்டும் அப்படியே இருக்கும். தேடும் முறை தெரிந்தால் கடை தானாகக் கிடைக்கும்.

முதலில் மாவட்டத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கன்னியாகுமரி சின்ன மாவட்டம்தான். ஆனால் சாப்பாட்டில் மூன்று ஊர். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நாஞ்சில் நாடு. நெல் வயலும் கோயிலும் உள்ள பகுதி. அவியல், தீயல், எரிசேரி, புளிசேரி என்று சைவச் சமையல் இங்கே கைகூடி வரும். மேற்கே கல்குளம், விளவங்கோடு. தக்கலை தாண்டி மார்த்தாண்டம் போகப் போக டீ 'சாயா' ஆகும். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி), புட்டும் பயறும் பப்படமும், புரோட்டாவும் மாட்டிறைச்சியும் முன்னுக்கு வரும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்தக் கைப்பக்குவம் எல்லைக்கோட்டோடு மாறிவிடவில்லை. மூன்றாவது, கடற்கரை: குளச்சல், முட்டம், மணக்குடி, சின்னமுட்டம். அங்கே மீன்தான் பேச்சு.

நாகர்கோவில் இந்த மூன்றும் வந்து கலக்கும் இடம். அதனால் ஒரு கடைக்குப் போகும் முன், அடுப்படியில் இருப்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரியுங்கள். தோவாளைப் பக்கத்துக்காரர் வைக்கும் தீயலுக்கும் மார்த்தாண்டத்துக்காரர் வைக்கும் தீயலுக்கும் ஒரே பெயர்தான், ருசி வேறு. காலையில் புட்டு வேண்டும் என்றால் மேற்கத்திக் கை. மதியம் இலையில் அவியல் வேண்டும் என்றால் கிழக்கத்திக் கை. இது என் சொந்தத் தீர்ப்பு. மறுப்பவர்கள் உண்டு, குறிப்பாக மார்த்தாண்டத்தில்.

நாலு சொல் தெரிந்துகொண்டு போங்கள்

மதுரையில் 'கறி' என்றால் ஆட்டுக்கறி. இங்கே 'மீன் கறி' என்றால் மீன் குழம்பு, 'கடலைக் கறி' என்றால் ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள வரும் கடலைக் குழம்பு. கறிச் சோறு கேட்டு உட்கார்ந்தால் சர்வர் விழிப்பார். இறைச்சிக்கு இங்கே இறைச்சி என்றே பெயர். அதிலும் ஆடா மாடா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். முட்டைப் புரோட்டா சொன்னாலும் மேலே ஊற்றும் சால்னா எதில் வைத்தது என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை, "இது கோழி, அது மாடு" என்று பாத்திரத்தைக் காட்டிவிடுவார்கள்.

மீன் பெயர்களும் மாறும். வஞ்சிரம் இங்கே நெய்மீன், மத்தி இங்கே சாளை, கானாங்கெளுத்தி இங்கே அயிலை. நான் முதல் நாள் "வஞ்சிரம் இருக்கா" என்று கேட்டு, "இல்லை" என்று பதில் வாங்கி, பக்கத்து மேசையில் ஒருவர் நெய்மீன் வறுவல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிட்டு எழுந்து வந்தவன்.

மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் "சம்பாவா, வெள்ளையா?" என்பார்கள். சம்பா என்றால் கஞ்சி வடித்த, சிவப்புக் கோடு ஓடிய பருமனான சோறு. மீன் கறிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. பொன்னி அரிசியில் வளர்ந்த வயிற்றுக்கு முதல் வாரம் கொஞ்சம் கனமாக இருக்கும். பாதி பாதி கேளுங்கள், போடுவார்கள். தேங்காய் எண்ணெய் வாடை பழக்கமில்லாதவர்கள் பொரித்ததை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். சில கடைகளில் தம்ளரில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்கள். பதிமுகம் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது. தண்ணீர் கலங்கியிருக்கிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

கடிகாரத்தைப் பார்த்துப் போங்கள்

ஆப்பம், புட்டு, இடியாப்பம் எல்லாம் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். தோசையோடு ரசவடை தரும் சைவக் கடைகளில் அதையும் விடாதீர்கள். பருப்பு வடையை ரசத்தில் ஊறவைத்துத் தருவது நாகர்கோவிலில் பலருக்குக் காலை நேரப் பலவீனம். மதியம் மீன் சோற்றுக்குப் பன்னிரண்டரை மணிக்கே போய்விடுங்கள். இரண்டு மணிக்குப் பிறகு குழம்பு இருக்கும், துண்டு இருக்காது. மாலை நாலு மணிக்கு டீக்கடையில் ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜி கண்ணாடிப் பெட்டியில் ஏறும். ஆறு மணிக்கு இருப்பது நாலு மணிக்குப் போட்டதுதான். புரோட்டாக் கல் ஏழு மணிக்குமேல் சூடாகும்.

ஒரு கடையின் முதல் சோதனைக்கு நான் எப்போதும் அதன் உச்ச நேரத்தில் போவேன், கூட்டம் எவ்வளவு என்றாலும். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்ப்பேன். வடசேரி பஸ் நிலையம் பக்கம் டிரைவர், கண்டக்டர் கூட்டம் இருந்தால் நல்ல அறிகுறி. தினமும் வேண்டா வெறுப்பாகச் சாப்பிட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் கடைகளுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அங்கே அவர்களுக்குச் சாப்பாடு பெரும்பாலும் இலவசம்.

மீன் சோறு: இதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்

இங்கே வந்துவிட்டு மீன் சாப்பிடத் தெரியாமல் இருப்பது பாவம். சைவக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன மெஸ். ஆறு மேசை. சமையலும் கல்லாவும் ஒரே அம்மா. ஒருநாள் போய் உட்கார்ந்து "நெய்மீன் ஒண்ணு" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். "மக்களே, நெய்மீன் இருக்கு. ஆனா அது நேத்தைக்கு உள்ளது. சாளை இப்பம் வந்தது. எது வேணும்?" நெய்மீன் துண்டின் விலையில் சாளை ஒரு தட்டே வாங்கலாம், அவருக்குத்தான் நட்டம். சாளை வாங்கினேன். நாலு மீன். இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, அந்தக் கீறலுக்குள் மிளகும் மிளகாயும் மஞ்சளும் சேர்த்து அரைத்ததைத் திணித்து, இரும்புக் கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு வாட்டியது. ஓரம் கருகி, நடு முள்ளிலிருந்து சதை மொத்தமாகக் கழன்று வந்தது. ஹோட்டல் தேர்வு பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது: இன்றைக்கு எதைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லும் கடைக்குத் திரும்பப் போகலாம்.

அதனால் மீன் கடையில் "என்ன மீன் இருக்கு" என்று கேட்காதீர்கள், பட்டியல் முழுவதும் ஒப்பிப்பார்கள். "இன்னைக்கு வந்தது எது" என்று கேளுங்கள். அப்படியே வறுவல் துண்டின் விலையையும் கேட்டுவிடுங்கள். துண்டின் அளவைப் பொறுத்து விலை நாளுக்கு நாள் மாறும், பலகையில் எழுதியிருக்க மாட்டார்கள்.

தடைக்காலம் தெரிந்திருக்க வேண்டும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடலும் உண்டு. சின்னமுட்டம் படகுகள் கிழக்குக் கணக்கு, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. ஆக, மே மாதம் சின்னமுட்டத்தில் படகு கட்டிக் கிடக்கும்போது குளச்சலில் மீன் இறங்கும். ஜூலையில் தலைகீழ். இரண்டும் ஒன்றாக அடைபடுவது ஜூன் முதல் இரண்டு வாரம். அப்போதும் வள்ளம், கட்டுமரம் போகும், சாளை, நெத்திலி மாதிரி சின்ன மீன் வரும். அந்த இரண்டு வாரத்தில் ஒரு கடை பெரிய நெய்மீனைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தால் அது ஐஸிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டு சின்ன மீன் பக்கம் திரும்புங்கள்.

தட்டில் வந்த பிறகும் சோதிக்கலாம். நல்ல மீனின் சதை இதழ் இதழாகப் பிரியும். நாள்பட்டது மாவு மாதிரி உதிரும். இன்னொன்று முக்கியம்: சாளை, அயிலை, சூரை, நெய்மீன் இவற்றைப் பிடித்ததும் சரியாகக் குளிரில் வைக்கவில்லை என்றால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு கடித்தது போலச் சுருக்கென்றால், மசாலா காரம் என்று நினைத்துத் தொடராமல் தட்டை ஒதுக்கிவிடுங்கள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்தால் டாக்டரிடம் போங்கள், என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பார்சல் வாங்குவது தனிக் கலை

என் முதல் மாதத்துத் தவறு இது. மதியம் ஒரு கடையில் மீன் கறி பார்சல் வாங்கி, மேசைக்கு அடியில் பையோடு வைத்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குத் திறந்தேன். மேலே நுரை கட்டியிருந்தது. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கொட்டினேன். மறுநாள் உதவியாளரிடம் சொன்னபோது அவர் கடைக்காரர் பக்கம் நின்றார்: "தேங்கா அரைச்ச கறிய ஒம்பது மணிவரை வைப்பாங்களா சார்?"

இங்கே பாதிக் குழம்புகளில் தேங்காய் அரைத்து ஊற்றுகிறார்கள். இந்தப் புழுக்கத்தில் அது நிற்காது. வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், இல்லையென்றால் உடனே பிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது நன்றாகக் கொதிக்க விடுங்கள். இரவுக்கு வேண்டும் என்று முன்பே தெரிந்தால் தேங்காய் சேர்க்காத, வெறும் மிளகாயும் புளியும் போட்டு வைத்த குழம்பாகக் கேட்டு வாங்குங்கள். அவியலுக்கும் இதே எச்சரிக்கை. அதில் தேங்காயோடு தயிரும் சேரும்.

எல்லாப் பண்டமும் பார்சலுக்கு ஆகாது. ஆப்பத்தின் முறுகலான ஓரம் வீடு வருவதற்குள் துணி மாதிரி ஆகிவிடும். அதைக் கடையிலேயே சட்டியிலிருந்து இறங்கியதும் சாப்பிட வேண்டும். புட்டு காய்ந்துவிடும். கிழங்கு, இடியாப்பம், பிரியாணி, சப்பாத்தி தாங்கும். புரோட்டாவை இலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். மூடிய டப்பாவில் வைத்தால் வியர்த்து நமத்துப்போகும்.

டிபன் கேரியரோ தூக்குவாளியோ கையோடு எடுத்துப் போவது நல்லது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்கும் தடை இருக்கிறது. கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தருபவர்கள் இன்னமும் உண்டு. பாத்திரத்தை நீட்டினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கூடுதலாக ஒரு கரண்டியும் விழும், இது என் அனுபவம். வடை, பஜ்ஜியைச் செய்தித்தாளில் வாங்காதீர்கள். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறை அதைக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. இலை கேட்டால் தருவார்கள். வாழை இல்லாத ஊரா இது?

செயலியில் ஆர்டர் செய்வதாக இருந்தால் ஒருமுறையாவது கடையில் நேரில் சாப்பிட்டுவிட்டுச் செய்யுங்கள். கடையில் உள்ள விலையும் செயலியில் உள்ள விலையும் பல இடங்களில் ஒன்றல்ல. அதன்மேல் பேக்கிங் கட்டணம், டெலிவரி கட்டணம், செயலியின் தளக் கட்டணம் என்று ஏறும். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கடை என்றால் போன் செய்து சொல்லிவிட்டு நடந்துபோய் வாங்கிக்கொள்வதே லாபம். நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கும்போது எழுதியவர் யார் என்று கவனியுங்கள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வந்து, பசியில் ஒருவேளை சாப்பிட்டுப் போனவர் தரும் ஐந்து நட்சத்திரம், தினமும் சாப்பிட வேண்டிய உங்களுக்கு எதற்கு?

கன்னியாகுமரியில் என்றால்

உறவினர்கள் வந்தால் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் கூட்டிப்போகத்தான் வேண்டும். சபரிமலை சீசனில், கார்த்திகை தொடங்கித் தை வரை, அங்கே ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நிரம்பி வழியும். உட்காரும் முன் விலைப்பட்டியல் கேளுங்கள். அளவுச் சாப்பாடா முழுச் சாப்பாடா என்றும் கேளுங்கள். நான் பெரும்பாலும் இளநீரோடு சமாளித்துவிட்டு இருபது கிலோமீட்டர் திரும்பி வந்து நாகர்கோவிலில்தான் சாப்பிடுகிறேன்.

பில்

சாதாரண ஹோட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பார்சலுக்கும் அதுவே. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். கடைச் சுவரிலும் பில்லிலும் 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும். பெரிய தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

எந்த நாள் அடைப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வந்தவர்கள் பட்டினி கிடப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பல மெஸ்களும் கடைகளும் அன்று அடைப்பு, மேற்கே போகப் போக இன்னும் அதிகம். புனித வெள்ளியும் அப்படித்தான். டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா முடியும் நாட்களில் கடை திறந்திருக்கும், நமக்கு இடம் இருக்காது. ஓணத்துக்கு இங்கே உள்ளூர் விடுமுறை. அன்று சில சைவ ஹோட்டல்களில் பாயசத்தோடு இலைச் சாப்பாடு போடுவார்கள். முதல் நாளே சொல்லி வைத்தால் பார்சலும் கிடைக்கும், அன்று காலையில் போய்க் கேட்டால் கை விரிப்பார்கள்.

இந்த நாட்களுக்காக வீட்டில் ஒரு சீப்பு மட்டிப் பழம் வைத்திருங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், விரல் நீளம்தான், மணம் அறை முழுவதும் நிற்கும். தோல் மெல்லியது, இரண்டு நாளுக்குமேல் தாங்காது, அதனால் வெள்ளிக்கிழமை மாலை வாங்குங்கள்.

மாதக் கணக்கு வைக்கும் முன்

தனியாக இருப்பவர்கள் கடைசியில் ஏதாவது ஒரு மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், அதில் ஒரு திங்கட்கிழமை கட்டாயம் இருக்கட்டும். ஞாயிறு மிச்சம் திங்கள் மதியம் எந்த உருவத்தில் வருகிறது என்று அன்றுதான் தெரியும். ரசத்தையும் மோரையும் கவனியுங்கள். மீனை யாரும் கவனமாகச் செய்வார்கள், ரசத்தில்தான் சோம்பல் வெளிப்படும். கை கழுவும் இடத்துக்குப் போகிற சாக்கில் அடுப்படியை ஒரு பார்வை பாருங்கள். பொரிக்கும் எண்ணெய் கறுத்து, கெட்டியாக, நுரையோடு இருந்தால் மாதக் கணக்கு வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: ஊருக்குப் போகும் நாட்களைக் கழிப்பார்களா, மீன் வேண்டாத நாளில் பதிலுக்கு முட்டை உண்டா, ராத்திரி எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பார்கள். எங்கள் தெருமுனை அம்மாவிடம் மூன்றாவதைக் கேட்டபோது, "நீ வர நேரமானா போன் பண்ணு மக்களே, மூடி வச்சிருக்கேன்" என்றார். அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன்.